தட்டாமல் போட்ட லிட்டர்

என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். வயதான பிறகு எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதற்கு வழியில்லை. ஏலக்காயின் அடர்த்தியை அளக்கத் தெரியாமல் நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன். ‘தெரியாமல்’ என்று எழுதும்போதே கை கூசுகிறது. முதல் ஒரு மாதம்தான் தெரியாது. அதற்குப் பிறகு எட்டு வருடம் எல்லாம் தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருடம் அது. மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு ஒன்றரை வருடம் போடி பஸ் ஸ்டாண்டில் வெட்டியாக நின்றிருந்தேன். என் தாய்மாமன் சொல்லி ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை கிடைத்தது. முதலாளிக்குப் போடியில் கடையும் குடோனும், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டும் இருந்தன. என் படிப்பைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “பிஎஸ்ஸியா? நல்லதாப் போச்சு. லிட்டர் வெயிட் பாரு” என்றார். அன்றிலிருந்து கடையில் எல்லோருக்கும் நான் பிஎஸ்ஸிதான். சொந்தப் பெயரைச் சொல்லி அங்கே ஒருவரும் கூப்பிட்டதில்லை.

லிட்டர் வெயிட் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் பிடிக்கிற பித்தளைப் பாத்திரம். அதில் உலர்ந்த ஏலக்காயை நிரப்பி, மரச்சட்டத்தால் தலையை வழித்துவிட்டு, தராசில் வைத்து நிறுக்க வேண்டும். நானூறு கிராம் வந்தால் லிட்டர் நானூறு. நானூறுக்கு மேலே போனால் முற்றின, பருத்த, உள்ளே விதை நிறைந்த காய். முந்நூற்றைம்பதுக்குக் கீழே வந்தால் பிஞ்சு, சொத்தை, காற்றடைத்த காய். காயின் விலை, தரம், அதை விளைவித்தவனின் மரியாதை எல்லாமே அந்த ஒற்றை எண்ணில்தான் இருந்தன.

எனக்கு அது சின்னப்பிள்ளைக் கணக்கு. நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. ஒரு லிட்டர் என்பது ஆயிரம் கன சென்டிமீட்டர். நானூறை ஆயிரத்தால் வகுத்தால் புள்ளி நாலு. தண்ணீருக்கு ஒன்று, பாதரசத்துக்குப் பதின்மூன்றரை சொச்சம், ஏலக்காய்க்குப் புள்ளி நாலு. வேலையில் சேர்ந்த முதல் வாரம் சீட்டில் அப்படியே எழுதினேன். முதலாளி சீட்டைத் தூக்கிப் பிடித்து, “புள்ளி நாலாம்! பம்பாய்க்காரன் இதப் பாத்தான்னா, என்னய்யா மிச்சம் கீழ கொட்டிருச்சான்னு கேப்பான்” என்று ஊரைக் கூட்டிச் சிரித்தார். நான் விடவில்லை. “ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோன்னு போட்டா மறுபடியும் நானூறுதான் வரும் முதலாளி. லிட்டருக்கு இத்தனை கிராம்ங்கறதும் கனமீட்டருக்கு இத்தனை கிலோங்கறதும் ஒரே எண்” என்று விளக்கினேன். கணக்கப்பிள்ளை வாயைப் பிளந்தார். அந்த வாயைப் பார்த்ததில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

கணக்கப்பிள்ளைதான் எனக்குப் பாத்திரத்தில் காய் போடக் கற்றுக்கொடுத்தார். குரங்கணிப் பக்கத்துச் சின்ன விவசாயிகள் மூட்டையோடு வந்து நிற்பார்கள். “பூப்போல போடணும். கை நடுங்கக் கூடாது. பாத்திரத்தத் தொடக் கூடாது” என்பார். முறத்தில் காயை எடுத்து மெல்லச் சரித்து, பாத்திரம் அசையாமல் நிரப்பி, ஒரே இழுப்பில் வழித்துவிடுவேன். ஆய்வுக்கூடத்தில் எங்கள் வாத்தியார் சொன்ன ஒழுங்கும் அதுதான். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய். அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆவணி கடைசியில் முதலாளியின் சொந்த எஸ்டேட்டிலிருந்து காய் இறங்க ஆரம்பித்தது. பச்சைக்காயை நெருப்பு வைத்து உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். அதில் இரவு பகலாகச் சூடு பார்ப்பவர் ஸ்டோர்க்காரர். இவர் அங்கே இருபது வருடமாக இருந்தார். ஒல்லியான ஆள். புகையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். மூட்டைகளை ஜீப்பில் ஏற்றும்போது அவரே லிட்டர் வெயிட் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்புவார். முதல் லோடுக்குச் சீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. நான் பார்த்தபோது முந்நூற்று எழுபத்து நாலு.

திரும்பப் பார்த்தேன். அதே எண். அடுத்த லோடுக்குச் சீட்டில் நானூற்றெட்டு, என் தராசில் முந்நூற்று எழுபது. மூன்றாவது லோடும் அப்படித்தான். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன், ஓடிப்போனேன் என்றே சொல்லலாம். அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லாப் பாத்தியா?”

“மூணு தடவ பாத்தேன் முதலாளி. மேலருந்து இங்க வர்றதுக்குள்ள நல்ல காயப் பொறுக்கி எடுத்துட்டு மட்டக்காயக் கலந்திருக்காங்க. வேற வழியே இல்ல.”

“வேற வழியே இல்லையா?”

“இல்ல முதலாளி. ஒரு பொருளோட அடர்த்தி மாறாது. மாறியிருந்தா பொருளே மாறியிருக்கணும்.”

அவர் வெற்றிலையை மென்றார். பிறகு, “இத எல்லார் முன்னாலயும் சொல்லுவியா?” என்று கேட்டார். சொல்வேன் என்றேன். எனக்குக் கசக்குமா?

எனக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் எஸ்டேட் ஆட்களுக்கு ஆளுக்கொரு கம்பளி கொடுப்பது மலையில் வழக்கம். அந்த வருடம் முதலாளி கொடுக்கவில்லை. லயங்களில், அதாவது ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் கொட்டடிகளில், முணுமுணுப்பு இருந்தது. எல்லோர் சார்பிலும் வந்து கேட்டவர் ஸ்டோர்க்காரர்தான். “பிள்ளைக குளுர்ல நடுங்குதுக மொதலாளி” என்றாராம். சத்தம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை, அவ்வளவுதான் கேட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் அவரை ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். கூடவே லயத்திலிருந்து ஏழெட்டு ஆட்களையும் ஏற்றி வந்திருந்தார்கள், பார்ப்பதற்கு. கடை முற்றத்தில் தராசைத் தொங்கவிட்டு, மூன்று லோடு மூட்டைகளையும் அவிழ்த்து வைத்திருந்தோம். எஸ்டேட் பாத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எல்லாம் என் ஏற்பாடு. காப்பிக்குச் சொல்லாததுதான் குறை.

முதலில் இரண்டு பாத்திரங்களிலும் தண்ணீர் நிரப்பி நிறுத்தேன். இரண்டிலும் தண்ணீர் சரியாக ஓராயிரம் கிராம். “பாத்திரத்துல தப்பில்ல” என்று அறிவித்தேன். முதல் லோடு மூட்டையின் மேலிருந்து ஒரு லிட்டர், நடுவிலிருந்து ஒரு லிட்டர், அடியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, பூப்போலப் போட்டு, வழித்து, நிறுத்தேன். முந்நூற்று எழுபத்து மூன்று, எழுபத்து நாலு, எழுபத்து நாலு. “தராசுலயும் தப்பில்ல” என்றேன். ஒரு கிராமுக்கு மேல் பிசகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. மூன்று தடவையும் ஒரே மாதிரி வருவது வேறு, சரியாக வருவது வேறு என்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

ஸ்டோர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். “தம்பி, ஒரு தடவ தட்டிப் போட்டுப் பாருங்க” என்றார்.

“தட்டினா?”

“காய் எறங்கும் தம்பி. மேல நாங்க தட்டித்தான் போடுவோம்.”

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். “தட்டினா இரும்பு தங்கமாயிருமாய்யா?” என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். அவர் சிரித்ததும் கடை ஆட்கள் சிரித்தார்கள். லயத்து ஆட்களிலும் ஒன்றிரண்டு பேர், முதலாளி பார்க்கிறாரே என்று, சிரித்துவைத்தார்கள். பாத்திரம் என் கையில்தான் இருந்தது. மேசையில் மூன்று தட்டுத் தட்ட எத்தனை நேரம் ஆகும்?

அப்போதுதான் ஸ்டோர்க்காரரின் மகள் ஓடிவந்தாள். போடியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். பாவாடை தாவணி, தோளில் பை, மூச்சு வாங்கியது. “எங்கய்யா எடுக்க மாட்டாரு சார்” என்றாள். என்னிடம்தான் சொன்னாள். அங்கே நின்றவர்களில் நான்தான் படித்தவன் போல இருந்திருப்பேன்.

அவளை அப்படியே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

“எத்தனாவது படிக்கிற?”

“ஒம்பதாவது சார்.”

“அடர்த்தி நடத்திட்டாங்களா?”

“நடத்திட்டாங்க சார்.”

“சொல்லு பாப்போம். அடர்த்தின்னா என்ன?”

அவள் நிமிர்ந்து நின்றாள். சரியான பதில் சொன்னால் அப்பாவைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. தெரிந்துதான் கேட்டேன். “ஓரலகு பருமனில் அடங்கியுள்ள நிறை அடர்த்தி எனப்படும்” என்று ஒரு பிசிறில்லாமல் ஒப்பித்தாள். அவள் அப்பாவின் முகம் மலர்ந்தது. இத்தனை பேருக்கு நடுவில் அவர் பிள்ளை படித்ததைச் சொல்கிறது, அவருக்கு அது போதும்.

“அலகு?”

“கிராம் பை கன சென்டிமீட்டர் சார்.”

“சபாஷ். ஒரு பொருள்ல கொஞ்சம் எடுத்து அளந்தாலும், நெறைய எடுத்து அளந்தாலும், மலைல அளந்தாலும், போடில அளந்தாலும் அதோட அடர்த்தி மாறுமா, மாறாதா?”

“மாறாது சார்.”

“உங்கப்பா மேல அளந்தப்ப நானூத்திப் பன்னெண்டு. இங்க முந்நூத்தி எழுபத்து நாலு. அப்ப என்ன அர்த்தம்?”

அவள் வாயைத் திறந்தாள். மூட்டையைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். அவளுடைய புத்தகத்தில் இருந்த பதில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். நான் விடாமல், “சொல்லும்மா, தெரியாதா?” என்றேன். “பொருள் மாறியிருக்கு” என்று மெல்லச் சொன்னாள். “சத்தமா” என்றேன். சத்தமாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. முதலாளி ஸ்டோர்க்காரரை வேட்டி மடியை உதறச் சொன்னார். மடியிலிருந்து இரண்டு ஏலக்காய் விழுந்தது. மலையில் வேலை பார்க்கிற யார் மடியை உதறினாலும் இரண்டு காய் விழும், வாய்க்குப் போட்டுக்கொள்வார்கள். முதலாளி அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒவ்வொருவரிடமாகக் காட்டினார். மகளிடமும் காட்டினார். அன்று சாயந்தரமே ஜீப்பு மேலே போய், அவருடைய மனைவியையும் சட்டிபானைகளையும் ஒரு கோழியையும் ஏற்றிவந்து, மலையடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட் பக்கம் மழையில் இறக்கிவிட்டது. ‘திருட்டுப் பய குடும்பம்’ என்று ஜீப்பு டிரைவர் செக்போஸ்டில் சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பாதையில் எல்லா எஸ்டேட் ஜீப்பும் அங்கே நின்றுதான் போகும். ஒரு வாரத்தில் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. வேறு எந்த ஸ்டோரிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பொட்டிபுரத்தில் அவருடைய மச்சினன் வீட்டு மாட்டுக் கொட்டாரத்தில் போய் ஒண்டிக்கொண்டார்கள். பிள்ளை அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தையோடு ஏலக்காய் பொறுக்கும் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கார்த்திகையில், எங்களிடம் காய் வாங்கும் பம்பாய் பார்ட்டியின் ஆள் வந்தார். அந்த மூன்று லோடையும் குடோனில் தனியாக வைத்திருந்தோம். முதலாளி அதையே காட்டச் சொன்னார். நான் வழக்கம்போலப் பூப்போலப் போட ஆரம்பித்தேன். முதலாளி பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கினார். முறத்தில் காயை அள்ளிக் கொட்டினார். பாத்திரத்தை மேசையில் டொக் டொக் டொக்கென்று தட்டினார். காய் ஒரு விரல்கடை இறங்கியது. மேலே அள்ளிப் போட்டார். மறுபடி தட்டினார். நிரப்பி வழித்துத் தராசில் வைத்தார். நானூற்றுப் பதினொன்று.

பார்ட்டி போகிறவரை நான் அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காயின் அடர்த்தி மாறாதுதான். ஆனால் நான் காயை அளக்கவில்லை. காயையும் காய்க்கு நடுவில் இருந்த காற்றையும் சேர்த்து அளந்திருக்கிறேன். தட்டினால் காற்று வெளியேறிக் காய் நெருங்கி உட்காரும். அரிசி அளக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரிந்த விஷயம். இரும்பு, தங்கம், தண்ணீர் என்று மட்டுமே படித்தவனுக்குத் தெரியவில்லை.

“முதலாளி, இது அந்தக் காய்தான?” என்று கேட்டேன்.

“அதேதான்.”

“அப்ப அவரு சீட்டுல எழுதினது…”

“சரியாத்தான் எழுதியிருந்தான். ஏப்பா பிஎஸ்ஸி, இந்த ஊர்ல வாங்குற கை வேற, விக்கிற கை வேற. ஊரான் காய வாங்குறப்ப பூப்போல போடுவோம். நம்ம காயத் தட்டிப் போடுவோம். ஒனக்கு முன்னால இருந்தவனுக்கு ரெண்டு கையும் தெரியும். ஒனக்கு ஒரு கையத்தான் சொல்லிக் குடுத்திருக்காக.”

“ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியாமயா கடை வச்சிருக்கேன்? கம்பளி கேட்டான்ல. நானா வெரட்டுனா லயமே எந்திரிச்சு நின்னுருக்கும். படிச்சவன் நீ அளந்து சொன்ன. அவன் பெத்ததையே சொல்ல வச்ச. ஒரு பய வாயத் தொறக்கலையே! அது என் புத்திக்கே தோணல, பாத்துக்க.”

என்னைப் பாராட்டினார். நான் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. விற்கிற கையையும் பழகிக்கொண்டேன். பொங்கலுக்கு மற்றவர்களுக்கு ஒரு வேட்டி, எனக்கு இரண்டு. ஒவ்வொரு வருடமும் குரங்கணி விவசாயிகளின் காயைப் பூப்போலப் போட்டேன், எங்கள் காயைத் தட்டிப் போட்டேன். எட்டு வருடம் ஓடியது. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, முன்தலையும் வழுக்கையாகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஒரு கல்யாணத்துக்காகப் பொட்டிபுரம் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு கிழவர் எழுந்து, “உக்காருங்க தம்பி” என்றார். அந்த ஸ்டோர்க்காரர்தான். ஐம்பத்தைந்துகூட ஆகியிருக்காது, கிழவராகத் தெரிந்தார். கடைக்காரத் தம்பி நிற்கும்போது தான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற பழக்கம். நான் உட்கார்ந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமியபடி பக்கத்திலேயே நின்றுவந்தார். இத்தனை செய்தவன் அந்த இடத்தையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா?

இறங்கியதும் அவரைத் தனியாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தட்டியது, நானூற்றுப் பதினொன்று, முதலாளி சொன்னது எல்லாம். சொல்லும்போது அழுதேன். அவர் அழவில்லை.

“எனக்குத் தெரியுமே தம்பி” என்றார். “நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? அத எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய?”

“என்னய என்ன வேணாலும் சொல்லுங்க.”

“ஒங்களச் சொல்லி என்ன ஆவப்போவுது. எம் மகதான் அத நம்பிருச்சு. அன்னைக்குக் கடை முத்தத்துல பாத்ததுதான், அதுக்கப்பறம் எம் மொகத்தப் பாத்துப் பேசல. அதுக்குக் கல்யாணம் ஆச்சு. போனேன். கால்ல விழுந்துச்சு, மொகத்த நிமுத்தல. அதுகிட்ட சொல்லுங்க தம்பி. நீங்க சொல்லித்தான நம்புச்சு. நீங்க சொன்னா நம்பும்.” மகள் வேலை பார்க்கும் ஷெட்டின் அடையாளமும் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

மறுநாளே போனேன். அந்த மட்டில் உண்மை. நீளமான ஷெட்டில் முப்பது நாற்பது பெண்கள் முறத்தில் காயைப் பரப்பி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து வெளியே வந்தாள். காய்களுக்கு நடுவில் இருக்கும் காற்றைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்தேன். எனக்கு அப்போதும் விளக்கத்தான் தெரிந்தது.

“தட்டினா எறங்கும். அதான சார்?” என்றாள். “இங்க வந்த மூணாம் நாளே தெரியும். கண்ணெதுக்கவே தெனம் தட்டுறாங்க.”

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. “அப்ப அப்பாகிட்ட ஏம்மா பேசல?”

“என்னன்னு பேச? நீங்க கேட்டீங்க, நான்தான சொன்னேன். ஒரு தடவ மெல்லச் சொன்னேன், ஒரு தடவ சத்தமாச் சொன்னேன். எங்கய்யா என்னயவே பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த மொகத்துக்கு முன்னால எப்பிடிப் போயி நிக்கிறது?”

“அவரு, நீ இன்னும் நம்புறன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்காரு.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. எட்டு வருடமாக அவர் ஒன்றை நினைத்துக்கொண்டு அங்கே, இவள் ஒன்றை நினைத்துக்கொண்டு இங்கே. நடுவில் நான் இரண்டு கையாலும் காய் அளந்துகொண்டிருந்தேன்.

“நீங்க போயிச் சொல்லுங்க சார்” என்றாள். “எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுங்க. அவரு வரச் சொன்னா அன்னைக்கே வெரசா வந்துருவேன். சொல்லாம நானாப் போனா என்னயப் பாத்து மொகத்தத் திருப்பிருவாரோன்னு பயமாருக்கு. நீங்க மொதல்ல சொல்லுங்க.”

“ஞாயித்துக்கெழம போறேம்மா” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லோடு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டில் விசேஷம். அதற்கடுத்த ஞாயிறு எந்தச் சோலியும் இல்லை, மழை மட்டும் தூறியது. பஸ்ஸில் அரைமணி நேரப் பயணம். போகாததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அவர் முன்னால் இரண்டாவது தடவை நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு தடவை அழுது முடித்ததில் என் பாரம் இறங்கியிருந்தது. அவருடையது அப்படியே இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஏழு வாரம் ஆனது. ஷெட் இருந்த தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனேன்.

எட்டாவது வாரம் அவர் இறந்துவிட்டார். நெஞ்செல்லாம் புகை, மூச்சு முட்டல் என்றார்கள். கடைக்கு வந்த ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனேன். மச்சினன் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். என்னைக் கண்டதும் பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள்.

“சொன்னீங்களா சார்?”

இல்லை என்று சொல்ல வேண்டும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவள் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“சொன்னேம்மா” என்றேன்.

“என்னைக்கு?”

“அந்த ஞாயித்துக்கெழமயே.”

அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“என்னய வரச் சொல்லலையா?”

சொன்னார் என்றால், ஏன் ஏழு வாரமாக வந்து சொல்லவில்லை என்று கேட்பாள். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு பதில்தான் பாக்கி இருந்தது.

“இல்லம்மா” என்றேன். “ஒண்ணும் சொல்லல.”

“சரி சார்” என்றாள். திரும்பிப் போய் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்தாள். தலைமாட்டுக்கு வரச் சொல்லிப் பெண்கள் எவ்வளவு கூப்பிட்டும் அவள் நகரவில்லை.